நாடி மறையும் நோய்

நோயாளியின் அருகே அமர்ந்த வைத்தியர், எந்த முறையைக் கற்றவராயினும், முதலில் மணிக்கட்டைப் பற்றுவார். சித்த வைத்தியரும் ஆயுள்வேத வைத்தியரும் மூன்று விரல்களை ஊன்றி, வாதம், பித்தம், கபம் என்று பிரித்துணர முயல்வர். மேல்நாட்டு வைத்தியம் பயின்றவர் கடிகாரத்தை நோக்கியவாறு துடிப்புகளை எண்ணுவர். வழிகள் வேறாயினும், உயிருள்ள உடம்பில் நாடி இருக்கும் என்னும் நம்பிக்கை இரு சாராருக்கும் பொது. தானே நடந்து வந்து, வாங்கில் அமர்ந்து, தன் நோயைத் தன் வாயாற் சொல்லும் ஒருவருடைய கையில் நாடி அகப்படவில்லை என்றால், பார்ப்பவர் தம் விரலைத்தான் முதலிற் சந்தேகிப்பார்.

ஆனால் விரல் பிழை செய்யாமலே நாடி அகப்படாமற் போகும் நோய் ஒன்று உண்டு. பெருநாடியையும் அதிலிருந்து கைகளுக்கும் தலைக்கும் சிறுநீரகங்களுக்கும் பிரிந்து செல்லும் பெருங் கிளைகளையும் பற்றும் அழற்சி அது. அதனை முதன்முதல் விவரித்தவருள் ஒருவரான யப்பானியக் கண் வைத்தியரின் பெயரால் தகாயாசு நோய் என்பர். நாடியற்ற நோய் என்றும் அதற்கு ஒரு பெயருண்டு. அரிய நோய்தான். எனினும் மேல்நாடுகளைக் காட்டிலும் ஆசிய நாடுகளில் அது மிகுதியாகக் காணப்படுகின்றது. அதனாற் பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் இளம்பெண்கள். பதினைந்து வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடைப்பட்டவர்கள்.

மாத்தளை நகரை விட்டு மலைச்சரிவுகளைச் சுற்றிச் செல்லும் பாதையில் யட்டவத்த என்னும் ஊர் இருக்கின்றது. சிங்களத்தில் அப்பெயருக்குக் கீழ்த்தோட்டம் என்பது பொருள். மிளகும் கொக்கோவும் தென்னையும் வளரும் மாத்தளைச் சீமையின் ஒரு மூலை அது. அங்கே இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி வாழ்கிறாள் என்று கொள்ளலாம். அவள் கற்பனையிற் பிறந்தவள். ஆனால் அவளுக்கு நேர்வதாக இங்கே சொல்லப்படுவது ஒவ்வொன்றும் இந்நோய் மெய்யாகவே செய்வது.

சில மாதங்களாக அவளுக்கு உடம்பு அலுப்பு. மாலையில் இலேசான காய்ச்சல் வரும், போகும். சட்டை தளர்ந்துவிட்டது. துவைத்த துணியைக் கொடியில் விரிக்க இடக்கையை உயர்த்தினால் சிறிது நேரத்திலேயே கை சோர்ந்து கடுக்கின்றது. இறக்கி வைத்தால் ஆறுகின்றது. வீட்டிலுள்ளோர் இரத்தமில்லை என்கின்றனர். அயலிலுள்ள சிறிய வைத்தியசாலைக்குப் போகிறாள். அங்கே கூட்டம். தாதி அவளுடைய இடக்கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தத்தை அளக்கிறார். தொண்ணூறுக்கு அறுபது. “பிறஷர் குறைவு, நன்றாகச் சாப்பிட வேண்டும்” என்று சொல்லி, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகின்றனர்.

அந்த அளவு பொய்யன்று. பட்டை கட்டிய கையில் உள்ள அழுத்தம் அவ்வளவுதான். ஆனால் அந்தக் கைக்குச் செல்லும் நாடி தோளுக்கு அருகே சுருங்கிக் கிடக்கின்றது. அடைபட்ட வாய்க்காலின் கடைமடையில் நின்று நீர்மட்டத்தை அளந்தவர், குளத்தில் நீர் இல்லை என்று முடிவு செய்த கதை அது. அதே வேளையில் அவளுடைய வலக்கையை அளந்திருந்தால் நூற்றெழுபதுக்கு நூறு என்று காட்டியிருக்கும். சிறுநீரகத்துக்குச் செல்லும் நாடியும் சுருங்கியிருப்பதனால், தனக்கு இரத்தம் போதவில்லை என்று எண்ணிய சிறுநீரகம் உடம்பு முழுவதிலும் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டிருக்கின்றது. குறைந்த அழுத்தம் என்று எண்ணப்பட்டவள், உண்மையில் இருதயத்தையும் மூளையையும் தாக்கவல்ல உயர்ந்த அழுத்தத்தோடு வீடு திரும்புகிறாள். இந்நோயின் வஞ்சகம் முழுவதும் இந்த ஓர் இடத்தில் அடங்கியிருக்கின்றது.

இங்கே சொல் ஒன்றைப் பற்றி ஒரு குறிப்பு. தமிழில் நாடி என்பது துடிப்புக்கும் பெயர். இலங்கைப் பாடநூல்களில் இருதயத்திலிருந்து இரத்தம் கொண்டு செல்லும் குழாய்க்கும் பெயர். தமிழ்நாட்டார் அக்குழாயைத் தமனி என்பர். ஒரே சொல் இரண்டுக்கும் நிற்பது சில இடங்களிற் குழப்பம் தரும். இந்நோயின் விடயத்திலோ பொருத்தமாக அமைந்துவிட்டது. குழாயாகிய நாடி நலிந்தால், துடிப்பாகிய நாடி மறைகின்றது.

குழாய் நலிவது எப்படி? பெருநாடி வெறும் இறப்பர்க் குழாய் போன்றதன்று. அதன் சுவர் மூன்று படைகளால் ஆனது. சுவர் தடித்தது ஆகையால், அதற்கே ஊட்டம் தருவதற்கென்று அதன் வெளிப்படையில் நுண்ணிய குழாய்கள் ஓடுகின்றன. உடம்பைக் காக்க வேண்டிய வெண்குருதிக் கலங்கள் ஏதோ ஒரு காரணத்தால் இந்நுண்குழாய்களின் வழியே சுவருக்குள் புகுந்து, சுவரையே பகையெனக் கருதித் தாக்கத் தொடங்குகின்றன. சுவர் வீங்குகின்றது. மாதங்கள் செல்லச் செல்ல வீங்கிய இடத்தில் தழும்பு படிகின்றது. தழும்பு இறுகி உள்வழியைச் சுருக்குகின்றது. சில இடங்களில் சுவர் வலுவிழந்து புடைத்தும் போகின்றது. இதற்கு மூலகாரணம் இன்னதென்று இன்னும் நிலைநாட்டப்படவில்லை. இந்தியாவிலும் பிற நாடுகளிலும் காசநோயோடு இதற்குத் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயம் நெடுங்காலம் நிலவிற்று; அது ஐயமாகவே நிற்கின்றது.

முதலில் வீக்கம், பின்னர் தழும்பு, அதன்பின் சுருக்கம் என்னும் இந்த வரிசையை மனத்திற் கொள்ள வேண்டும். வீக்கத்தை மருந்தால் அடக்கலாம். இறுகிவிட்ட தழும்பை எந்த மருந்தும் கரைக்காது. துடிப்பு மறைவது வரிசையின் கடைசியில். ஆகவே விரலுக்கு நோய் தெரியும்போது, மருந்துக்குரிய காலத்தின் பெரும்பகுதி கழிந்துவிட்டிருக்கும். விரலுக்குத் தெரியுமுன் கண்ணுக்குத் தெரியச் செய்ய இயலுமா என்பதே சென்ற நூற்றாண்டு முழுவதும் வைத்தியர்களை வருத்திய வினா.

விந்தை என்னவெனில், இந்நோய் முதலில் வெளிப்பட்டதே ஒரு கண்ணில்தான். யப்பானில் கனசாவா நகரத்துக் கண் வைத்தியப் பேராசிரியர் மிக்கித்தோ தகாயாசு, பார்வை குன்றிய ஓர் இளம்பெண்ணின் விழித்திரையைக் கருவி கொண்டு நோக்கியபோது, பார்வை நரம்பு புகும் இடத்தைச் சுற்றி நுண்குழாய்கள் ஒன்றோடொன்று கோத்து மாலைபோல் வளைந்திருக்கக் கண்டார். 1908ஆம் ஆண்டில் அதனைக் கண் வைத்தியர் சங்கத்திற் கூறினார். அங்கேயே ஒனிசி, ககோசிமா என்னும் வேறு இரு வைத்தியர்களும் தாங்கள் அத்தகைய கண்களைக் கண்டதாகவும், அந்நோயாளருக்குக் கையில் நாடி இல்லை என்றும் தெரிவித்தனர். மனித உடம்பில் இரத்தக் குழாய்களை அறுக்காமல், துளைக்காமல், நேரே கண்ணாற் காணத்தக்க இடம் விழித்திரை ஒன்றே. கழுத்து வழியே வரும் இரத்தம் குறைந்தமையால் விழித்திரைக் குழாய்கள் மாற்றுவழி தேடிப் பின்னிக்கொண்ட காட்சிதான் அந்த மாலை. கண்ணும் கையும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பது அவர்கள் கூற்றுகளைச் சேர்த்துப் பார்த்ததால் விளங்கிற்று. 1951ஆம் ஆண்டில் சிமிசு, சானோ என்னும் இருவர் நாடியற்ற நோய் என்ற பெயரை வழங்கினர்.

உடம்பின் உட்புறத்துக் குழாய்களைக் காண்பதற்கு வேறொரு வழி அதற்கு முன்னரே திறந்திருந்தது. ஜேர்மனியில் றொண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டது 1895ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில். அடுத்த சனவரியிலேயே வியன்னா நகரில் இருவர், வெட்டியெடுக்கப்பட்ட ஒரு கையின் நாடிகளுக்குள் கதிரை மறிக்கும் கலவையைச் செலுத்திப் படம் எடுத்தனர். எலும்பு கதிரை மறிக்கும். ஆகையால் வெண்மையாகத் தெரியும். இரத்தமும் இரத்தக் குழாயும் அதனைச் சூழ்ந்த தசையும் ஏறக்குறைய ஒரே தன்மையில் கதிரைக் கடத்துவதால், ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரியா. குழாயைக் காண வேண்டுமாயின் அதற்குள் மறிக்கும் பொருளை நிரப்பியாக வேண்டும். உயிரற்ற கையில் எதையும் நிரப்பலாம். உயிருள்ளவருக்கு நஞ்சாகாத மருந்து வேண்டுமே! போர்த்துக்கல் நாட்டு மொனிஸ் என்பார் 1927இல் மூளை நாடிகளையும், அதே நாட்டுத் தொஸ் சாந்தோஸ் 1929இல் வயிற்றுப் பெருநாடியையும் படம் பிடித்தனர். பின்னவர் கையாண்ட முறை, நோயாளியைக் குப்புறக் கிடத்தி, முதுகு வழியே நீண்ட ஊசியைச் செலுத்திப் பெருநாடியைக் குத்துவது. கேட்கும்போதே உடல் கூசும்.

அந்தக் கூச்சத்தை நீக்கியவர் சுவீடன் நாட்டுச் செல்டிங்கர். 1953ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட உபாயம் மிக எளியது. தொடை நாடியில் ஊசியைக் குத்துதல். ஊசியின் துளை வழியே மெல்லிய கம்பியை உள்ளே விடுதல். ஊசியை உருவிவிட்டுக் கம்பியின் மேலாக மென்குழலைச் செலுத்துதல். பின்னர் கம்பியையும் உருவிவிடுதல். குழல் பெருநாடிக்குள் எங்கும் செல்லும். அதன் வழியே அயடீன் சேர்ந்த மருந்தைப் பாய்ச்சிக் கதிர்ப்படம் எடுத்தால், இரத்தம் ஓடும் வழி முழுவதும் மரக்கிளைபோலப் படத்தில் விரியும். இருதயக் குழாய்களைப் பார்க்கும் இக்காலத்துச் சோதனைகளும் இதே உபாயத்தின் வழிவந்தவையே.

இந்தப் படத்தைக் கொண்டு இந்தியாவில் இந்நோயை ஆராய்ந்தவருள் முன் நிற்பவர் பம்பாய் கே.இ.எம். வைத்தியசாலையின் அறுவை வைத்திய நிபுணர் பி. கே. சென். 1968ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் இருதய மாற்றுச் சிகிச்சையைச் செய்தவர் என்று அவரைப் பலரும் அறிவர். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1963இல், அவரும் நோய்க்கூற்று வல்லுநர் கினாரே முதலிய துணைவர்களும் வெளியிட்ட ஆய்வு அத்துணைப் புகழ் பெறவில்லை. ஆனால் நாடிநோய்களைப் பொறுத்தவரை பெருமதிப்புடையது. யப்பானிய நூல்களில் பெருநாடியின் வளைவும், அங்கிருந்து கைக்கும் கழுத்துக்கும் செல்லும் கிளைகளுமே பெரிதும் பேசப்பட்டன. பம்பாயில் எடுக்கப்பட்ட படங்களோ நெஞ்சின் கீழும் வயிற்றிலும் பெருநாடியின் நடுப்பகுதி சுருங்கியிருப்பதைக் காட்டின. அத்தகைய நோயாளருக்குக் கையில் நாடி நன்றாகவே துடிக்கும். காலில்தான் மெலியும். சிறுநீரக நாடிகள் அகப்பட்டுக்கொள்வதால், இளவயதிலேயே இரத்த அழுத்தம் ஏறும். பின்னாளில் இந்திய நோயாளரையும் யப்பானிய நோயாளரையும் ஒப்பிட்ட ஆராய்ச்சியாளரும் இந்த வேற்றுமையை உறுதி செய்தனர். நாடியற்ற நோய் என்ற பெயரை மட்டும் நம்பி மணிக்கட்டை மட்டும் பார்ப்பவர், நம் நாட்டுப் பகுதிகளில் இதனைத் தவறவிடுவது எளிது என்பது இதனாற் புலனாகும். பெருநாடியின் எந்தப் பகுதி பற்றப்பட்டது என்பதைக் கொண்டு நோயை வகைப்படுத்தும் முறை 1994இல் தோக்கியோ மாநாட்டில் வகுக்கப்பட்டது. அதுவும் படத்தையே அடிப்படையாகக் கொண்டது.

இத்துணைச் சிறந்த படத்துக்கும் ஒரு பெருங்குறை இருந்தது. அது காட்டுவது இரத்தம் ஓடும் வழியை. வழியைச் சூழ்ந்த சுவரை அன்று. வாய்க்காலில் ஓடும் நீரை மேலிருந்து பார்ப்பவர், நீர் ஒடுங்கும் இடத்தில் கரை சரிந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். கரை உள்ளே ஊறிப் பருத்திருந்தும் நீரோட்டம் இன்னும் ஒடுங்கவில்லை என்றால், அவருக்கு எதுவும் தெரியாது. தகாயாசு நோயின் முதற்கட்டம் துல்லியமாக அத்தகையது. சுவர் வீங்கியிருக்கும், உள்வழி விரிந்தேயிருக்கும், படம் பழுதில்லை என்று சொல்லும். நோயாளியும், நோய் ஒன்றுமில்லை, மனக்குறைதான் என்று கேட்டுக்கொண்டு வீடு திரும்புவாள். இப்படிப் பெயர் சூட்டப்பட்டு அலைந்த பெண்கள் எத்தனையோ பேர்.

சுவரைக் காட்டும் படங்கள் பின்னர் ஒவ்வொன்றாக வந்தன. அவற்றுள் எளியது, கருவுற்ற தாய்மார் எல்லோரும் அறிந்த ஸ்கான். செவிக்கு எட்டாத ஒலியை உடம்பினுள் அனுப்பி, அது திரும்பி வருவதைக் கொண்டு படம் வரைவது. கழுத்து நாடி தோலுக்கு மிக அருகே ஓடுவதால் அதன் சுவரை இதில் நன்றாகக் காணலாம். முதுமையில் கொழுப்புப் படிந்து தடிக்கும் நாடியில் தடிப்பு ஒரு பக்கம் திட்டாகவும் மறுபக்கம் இல்லாமலும் இருக்கும். இந்த அழற்சியிலோ சுற்றிலும் ஒரே சீராகத் தடித்து, நெடுந்தூரம் அப்படியே செல்லும். 1991ஆம் ஆண்டில் யப்பானிய வைத்தியர்கள் அதற்கு மக்கரோனி அடையாளம் என்று பெயரிட்டனர். கடைகளில் விற்கும் மக்கரோனியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தவர்களுக்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். நெற்றிப்பொட்டு நாடியைத் தாக்கும் மற்றோர் அழற்சி முதியோருக்கு வருவது. வட ஐரோப்பியரிடையே மிகுதி. அதில் நாடியைச் சுற்றிக் கருவளையம் தெரியும் என்று 1997இல் ஜேர்மனியர் காட்டினர். சிறுவரைத் தாக்கும் கவாசாக்கி நோயில் இருதயத்தின் சொந்த நாடிகள் புடைப்பதையும் ஒலிப்படத்தாலேயே கண்டு தொடர்கின்றனர்.

ஆனால் ஒலி காற்றைக் கடந்து செல்லாது. நெஞ்சறைக்குள் நுரையீரலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பெருநாடியை இம்முறையால் நன்கு காண இயலாது. அதற்குச் சீ.ரி. ஸ்கானும் எம்.ஆர்.ஐ. ஸ்கானும் வேண்டும். முன்னது எக்ஸ் கதிரைப் பல கோணங்களிலிருந்து செலுத்தி, உடம்பைக் குறுக்கே சீவியதுபோன்ற படங்களைக் கணனியால் அமைப்பது. பின்னது கதிரே இல்லாமல், வலிய காந்தத்தின் உதவியால் உடம்பிலுள்ள நீரின் அணுக்களைப் பேசவைப்பது. இரண்டும் சுவரின் தடிப்பைக் காட்டும். ஐரோப்பிய மூட்டுவாதவியல் கூட்டமைப்பு 2018இலும் மீண்டும் 2023இலும் வெளியிட்ட பரிந்துரைகளில், தகாயாசு நோய்க்கு எம்.ஆர்.ஐ. படத்தையே முதலில் நாடுமாறு கூறியிருக்கின்றது. காரணம் நுட்பம் மட்டுமன்று. நோயாளர் இளையோர், அவர்களுக்கு ஆண்டுதோறும், சில சமயம் அதனினும் அடிக்கடி, பல்லாண்டுகளுக்குப் படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கதிர் படுவது நன்றன்று. குழலைச் செலுத்தி எடுக்கும் பழைய படம் நோயைக் கண்டறிவதற்குத் தேவையில்லை என்றும் அப்பரிந்துரைகள் கூறுகின்றன. சுருங்கிய இடத்தைப் பலூன் கொண்டு விரிக்கும் சிகிச்சைக்கு மட்டும் அது இன்றும் வேண்டும். அந்தச் சிகிச்சையையும் அழற்சி அடங்கியிருக்கும் காலம் பார்த்தே செய்வர். கொதிக்கும் சுவரை விரித்தால் அது மீண்டும் சுருங்கும்.

படத்தின் மதிப்பு எவ்வாறு உயர்ந்தது என்பதற்கு ஒரு சான்று சொல்லலாம். ஆய்வுக்காக நோயாளரை வகைப்படுத்த அமெரிக்க மூட்டுவாதவியல் கல்லூரி 1990இல் ஆறு விதிகளை ஏற்படுத்திற்று. நாற்பது வயதுக்குள் தொடங்குதல், கையசைக்கச் சோர்தல், மேற்கை நாடி மெலிதல், இரு கைகளின் இரத்த அழுத்தத்தில் பத்துக்கு மேற்பட்ட வேறுபாடு, நாடியில் இரைச்சல், கதிர்ப்படத்திற் காணும் சுருக்கம் என்பனவற்றுள் மூன்று இருந்தாற் போதும். படம் ஆறில் ஒன்றாக இருந்தது. 2022இல் அமெரிக்கரும் ஐரோப்பியரும் சேர்ந்து அமைத்த புது விதிகளிலோ, பெருநாடியிலேனும் அதன் கிளைகளிலேனும் அழற்சி இருப்பதைப் படத்தாற் காட்டினாலொழிய மேற்கொண்டு எண்ணவே கூடாது என்றாயிற்று. முப்பத்திரண்டு ஆண்டுகளில் வரிசையிற் கடைசியில் நின்றது வாயிற்காவலாகிவிட்டது.

எனினும் படத்தைத் தெய்வவாக்காகக் கொள்வதும் பிழை. தடித்த சுவர் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறதா, எரிந்து அணைந்த தழும்பா என்பதைப் படம் எப்போதும் தெளிவாகச் சொல்வதில்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் அறுபது நோயாளரைப் பல்லாண்டுகள் கவனித்து 1994இல் வெளியிட்ட ஆய்வு இதில் எச்சரிக்கை தருவது. நோய் அடங்கிவிட்டது என்று கருதப்பட்ட நிலையில் அறுவைச் சிகிச்சைக்கு உள்ளானவர்களின் நாடித் துண்டுகளை நுண்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, 44 சதவீதத்தில் அழற்சி உயிரோடிருக்கக் கண்டனர். இரத்தப் பரிசோதனையும் ஏமாற்றியது, உடற்பரிசோதனையும் ஏமாற்றியது. இந்த ஐயத்தைத் தீர்க்கவே, அழற்சியுள்ள சுவர் வெல்லத்தை மிகுதியாக உண்ணும் என்னும் உண்மையைக் கொண்டு, கதிர்வீசும் அணு சேர்ந்த வெல்லத்தைச் செலுத்தி எடுக்கும் பெற் ஸ்கான் பயன்படுத்தப்படுகின்றது. புற்றுநோய்க்காகவே பெரிதும் நிறுவப்படும் கருவி அது, விலை மிக்கது. இலங்கையில் மகரகமை வைத்தியசாலைக்கு அத்தகைய கருவி வாங்குவதற்குப் பொதுமக்கள் நன்கொடை திரட்டிக் கொடுத்ததைப் பலர் நினைவிற் கொண்டிருப்பர். ஸ்ரெரொயிட் மருந்து தொடங்கிச் சில நாள்கள் சென்றால் அந்தப் படமும் மங்கிவிடும்.

ஆகவே இந்திய வைத்தியர்கள் ஒரு காரியம் செய்தனர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் தேபாசிஸ் தண்டா, இலக்னோவின் இராம்நாத் மிஸ்ரா முதலியோர் கூடி, நோய் இப்போது எழுச்சியில் இருக்கிறதா என்று அறிய ஒரு மதிப்பெண் முறையை வகுத்தனர். 2013இல் அது வெளியாயிற்று. அதில் 44 வினாக்கள். அவற்றுள் 33 இருதயத்தையும் நாடிகளையும் பற்றியன: எந்த நாடி புதிதாக மறைந்தது, எந்த இடத்தில் இரைச்சல் கேட்கிறது, எந்தக் கையில் அழுத்தம் மாறியது என்பன போன்றவை. விரலும் காதுக்குழலும் இரத்த அழுத்தக் கருவியும் இருந்தால் பெரும்பாலானவற்றுக்கு விடை எழுதிவிடலாம். ஸ்கான் கருவியின் பெருமையைப் பேசும் இக்காலத்தில் இப்படியொரு தாள் வேலூரிலிருந்தும் இலக்னோவிலிருந்தும் வந்தது தற்செயலன்று. ஊர் தாண்டி, மாநிலம் தாண்டி, இரயிலில் வரும் நோயாளரை நாள்தோறும் பார்ப்பவர்கள் வகுத்த தாள் அது.

யட்டவத்தைப் பெண்ணிடம் திரும்பலாம். மாத்திரை தின்று இரண்டு மாதம் கழிந்தும் அவளுக்குக் குணமில்லை. தலையிடி வேறு சேர்ந்துகொண்டது. மறுமுறை அவள் போன நாளில் கூட்டம் குறைவு. வைத்தியர், துணி விரிக்கும்போது கை சோர்கிறது என்று அவள் சொன்னதைக் காதில் வாங்கினார். இரு கைகளின் நாடியையும் ஒரே நேரத்தில் பற்றிப் பார்த்தார். இடப்பக்கம் நூல்போல் மெலிந்திருந்தது. இரு கைகளிலும் அழுத்தத்தை அளந்தார். காதுக்குழலைக் கழுத்தெலும்புக்கு மேலேயும் தொப்புளுக்கு மேலேயும் வைத்துக் கேட்டார். ஒடுங்கிய வழியில் இரத்தம் பாயும் இரைச்சல் கேட்டது. பத்து நிமிடங்களுக்குள் முடிந்த காரியம். மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு கைகளின் அளவையும் எழுதி, கீழே கோடிட்டார்.

அந்தக் கோட்டின் பயனைச் சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. கருவியின் முன் நீண்ட வரிசை உண்டு. உடம்பலுப்பு, காய்ச்சல் என்று எழுதி அனுப்பினால் அந்த வரிசையில் அவளுக்கு இடம் கிடைக்க எத்தனை மாதம் ஆகுமோ! எந்தப் பகுதியைப் படம் எடுப்பது என்று கருவியை இயக்குபவருக்கும் தெரியாது. தலையை எடுத்துவிட்டு அனுப்பினும் அனுப்புவர். இடக்கை நாடி மெலிவு, இரு கைகளுக்கிடையே எண்பது வேறுபாடு, வயிற்றில் இரைச்சல் என்று எழுதியிருந்தால், கழுத்திலிருந்து இடுப்புவரை பெருநாடியை முழுமையாகவும், அதன் சுவரைத் தனியாகவும் எடுக்க வேண்டும் என்பது வாசிப்பவருக்கு உடனே விளங்கும். கருவி எவ்வளவு நுட்பமாயினும், கேட்டதைத்தான் காட்டும்.

மாத்தளையில் கழுத்து நாடியின் ஒலிப்படம் எடுக்கப்பட்டது. சுவர் சுற்றிலும் தடித்திருந்தது. அங்கிருந்து ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீற்றர் தொலைவிலுள்ள கண்டிக்கு அனுப்பினர். அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசமே. ஆனால் விடியுமுன் எழுந்து பஸ் ஏறி, மாத்தளையில் இறங்கி வேறு பஸ் பிடித்து, துணைக்கு வரும் தாயின் நாட்கூலியையும் இழந்து போய்வரும் செலவுக்கு எந்த அரசாங்கமும் சீட்டுத் தருவதில்லை. ஒரு முறை போய்ப் படம் எடுக்க நாள் குறித்து வாங்கி, மறுமுறை படத்துக்காகப் போய், மூன்றாம் முறை முடிவு கேட்கப் போக வேண்டும். இடையில் ஒரு பயணம் தவறினாலும் சங்கிலி அறுந்துவிடும். அறுந்து போனவர்கள் கணக்கு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

அவள் தவறவில்லை. காந்தக் குகைக்குள் அசையாமற் கிடந்தாள். படத்தில் இடத்தோளுக்குச் செல்லும் நாடி பெரிதும் ஒடுங்கியிருந்தது. வயிற்றுப் பெருநாடியின் சுவர் தடித்திருந்தது. ஒரு சிறுநீரக நாடி பாதிக்கு மேல் அடைந்திருந்தது. மற்றைச் சிறுநீரக நாடியின் தொடக்கத்திலும் சுவர் வீங்கியிருந்தது. ஆனால் வழி இன்னும் திறந்திருந்தது. அந்த ஒரு நாடியைப் பற்றித்தான் வைத்தியர்கள் நெடுநேரம் பேசினர். பழைய முறைப் படத்தில் அது குற்றமற்றதாகவே தெரிந்திருக்கும். காக்கத்தக்கது எதுவோ அதனைச் சுட்டிக்காட்டியது சுவரைக் காட்டும் படம்.

பிரெட்னிசொலோன் மாத்திரையும், அதன் அளவைப் படிப்படியாகக் குறைப்பதற்குத் துணையாக மெதோதிரெக்சேற் மருந்தும், அழுத்தத்துக்கு வேறு மருந்தும் தொடங்கப்பட்டன. முகம் உப்பும் என்றும், மருந்தைத் தானாக நிறுத்தினால் ஆபத்து என்றும், மெதோதிரெக்சேற் உட்கொள்ளும் காலத்திற் கருவுறலாகாது என்றும், பின்னாளில் குழந்தை வேண்டுமென்றால் முன்னரே வந்து சொல்ல வேண்டும் என்றும் அவளுக்கும் தாய்க்கும் விளக்கப்பட்டது. ஆறு மாதம் சென்று மீண்டும் எடுத்த படத்தில் வயிற்றுப் பெருநாடியின் சுவர் மெலிந்திருந்தது. திறந்திருந்த சிறுநீரக நாடி திறந்தேயிருந்தது. இடத்தோளின் நாடி ஒடுங்கியது ஒடுங்கியபடியே இருந்தது. அதனைச் சுற்றி வேறு சிறு குழாய்கள் வளர்ந்து கைக்கு வேண்டிய இரத்தத்தைக் கொண்டு சென்றன. துணி விரிக்கும்போது கை முன்போல் அவ்வளவு விரைவிற் சோர்வதில்லை.

மணிக்கட்டில் மட்டும் துடிப்பு மீளவில்லை. மாதந்தோறும் யட்டவத்தை வைத்தியசாலையில் தாதி பட்டையை எடுக்கும்போது, அவள் இடக்கையை மடியில் வைத்துக்கொண்டு வலக்கையை நீட்டுகிறாள். புதிதாக வந்த தாதி ஒருவர் காரணம் கேட்டால், இரண்டையும் பிடித்துப் பாருங்கள் அக்கா என்று இரு கைகளையும் நீட்டுகிறாள்.